முட்டைப் பாட்டு

எங்கள் வீட்டு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. அது சுங்கை வே பஸ் நிறுத்தத்தில் நடந்தது. ஞாயிறு தவிர வாரத்தில் ஆறு நாளும், இரண்டேகாலிலிருந்து இரண்டு முப்பத்தைந்து வரைக்கும், நாங்கள் நாலு பேரும் அந்த சிமெண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு மூன்று. ஊரில் எல்லோரும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு சாப்பிடுவதுபோல் படம் வரையச் சொன்னபோது, பஸ் நிறுத்தத்தைக் கூரையோடு வரைந்து, பக்கத்தில் குப்பைத்தொட்டியும் வைத்து, அதற்குப் பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தேன். ஆசிரியை படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிக்னிக்கா என்று கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிக்னிக் என்றால் என்னவென்று அப்புறம்தான் அப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு சுபாங்கில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டு. அம்மாவுக்கு ஷா ஆலாமில் வேறொரு தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்டு. பிள்ளைகளை இன்னொருவரிடம் விடக்கூடாது என்று அவர்களே போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அப்பாவின் கம்பெனி பஸ் இரண்டேகாலுக்கு அவரை அந்த நிறுத்தத்தில் இறக்கிவிடும். அம்மாவின் பஸ் இரண்டு முப்பத்தைந்துக்கு அதே நிறுத்தத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பிளாட் பதினைந்து நிமிட நடை. வீட்டில்தான் சாப்பிடுவோம் என்று அடம்பிடித்திருந்தால் அவர்கள் இரண்டு பேரும் பாதி வழியில் எதிரெதிரே வந்து, சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் அம்மா என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்ததும் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடப்பார்.

சாப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை. சோறு, பொரித்த முட்டை, முட்டைமேல் கிச்சாப் என்கிற கறுப்பு சோயா சாஸ், நாலு துண்டு வெள்ளரிக்காய். சம்பள வாரத்தில் சார்டின் மீன் சம்பல் வரும். இன்றைக்கும் சூடான சோற்றில் கிச்சாப் ஊற்றினால் எனக்கு டீசல் புகை வாசமும் சேர்ந்து வந்தால்தான் சாப்பிட்டதுபோல் இருக்கும். சொன்னால் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

பிரச்சினை இரண்டு முப்பத்தைந்துக்கு வரும். அம்மாவின் பஸ்ஸைப் பார்த்துவிட்டால் தம்பி கத்துவான் பாருங்கள், அடேயப்பா, நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் அம்மாவைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முதல் வாரம் முழுக்க அம்மா அழுதுகொண்டேதான் பஸ் ஏறினார். இரண்டாவது வாரம் அப்பா ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வாழ்நாளில் கட்டிய ஒரே பாட்டு அதுதான்.

முட்டை முட்டை பொரிச்ச முட்டை
மூடி வச்ச தட்டு
கண்ணை மூடிப் பத்து எண்ணு
கையில் வரும் லட்டு

இதைக் கைதட்டிப் பாடுவார். தம்பி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்பாவின் மடியில் கவிழ்ந்து, எதிர்வீட்டு மலாய்ப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டபடி சாத்து, டுவா, தீகா என்று பத்து வரைக்கும் எண்ணுவான். அதற்குள் அம்மா ஏறிவிடுவார், பஸ்ஸும் நகர்ந்துவிடும். எண்ணி முடித்து அவன் கையை நீட்டும்போது, முட்டையின் மொறுமொறு ஓரத்தைக் கிள்ளி அப்பா அதில் வைப்பார். அவன் அதைத்தான் லட்டு என்று நினைத்திருந்தான். ஒரு தீபாவளிக்குக் கீழ்வீட்டு ஆன்டி உண்மையான லட்டைக் கொடுத்தபோது, இது லட்டே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். எங்கள் நிறுத்தத்தில் தினமும் இருண்டது.

அப்பாவுக்குத் தொண்டை கட்டினால் நான் பாடுவேன். பாட்டு முடியும்வரை தம்பியின் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. அம்மா போவதைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டியவள் வீட்டிலேயே நான் ஒருத்திதான் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பெரிய பிள்ளையாம். எட்டு வயது என்றால் பெரிய பிள்ளையா?

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் கன்ஃபர்ம் என்கிற பேச்சு அடிபட்டது. அம்மா வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் கன்ஃபர்ம் கடிதம் வரும், வேலை நிரந்தரம். தம்பிக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் அம்மா யாரிடமும் சொல்லாமல், வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். இன்னொரு நாள் அப்படி நின்றால் கடிதத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்பாவின் தொழிற்சாலையில் ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு இருந்ததால், இந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நான் பாயில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு நாள் அம்மா வேலைக்குப் போகாவிட்டால் கன்ஃபர்ம் ஆகாது. கன்ஃபர்ம் ஆகாவிட்டால் அம்மா வீட்டிலேயே இருப்பார். இவ்வளவு சுலபமான வழியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரமே வாய்ப்பு வந்தது. மழையென்றால் அப்படியொரு மழை. எதிரே இருந்த கடைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டேகால் ஆயிற்று, இரண்டரை ஆயிற்று, அப்பாவின் பஸ்ஸைக் காணோம். சாலை முழுக்க வண்டிகள் ஊர்ந்தன. அம்மா எங்களுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அப்பா வராமல், அம்மாவின் பஸ் மட்டும் நேரம் தவறாமல் வந்து நின்றது.

நிறுத்தத்தை ஒட்டி ஓர் ஆன்டி வடைக்கடை போட்டிருந்தார். அம்மாவுக்கு நல்ல பழக்கம். அஞ்சு நிமிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா கேட்டார், அவரும் சரி என்றார். அப்புறம் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அப்பா இப்ப வந்துருவாரு. நீ பாட்டப் பாடு கண்ணு."

நான் பாடவில்லை. வாயில் ஒரு கவளம் சோறு இருந்தது, அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. தம்பி பஸ்ஸைப் பார்த்துவிட்டு அம்மாவின் சீருடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பாடும்மா என்று அம்மா இன்னொரு தடவை சொன்னார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று வடைக்கார ஆன்டி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே கேட்டார். நான் கல்லுளிமங்கி மாதிரி குனிந்து தட்டில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பஸ் ஜன்னலைத் திறந்து யாரோ ஓர் அக்கா அம்மாவைக் கூப்பிட்டார். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். டிரைவரிடம் கையை ஆட்டி, நீங்கள் போங்கள் என்றார்.

பஸ் போய்ப் பத்து நிமிடம் கழித்து அப்பா தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார். அம்மா அங்கேயே நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"பஸ்ஸு நிக்காம போயிடுச்சுங்க," என்றார் அம்மா.

வடைக்கார ஆன்டி வடையைத் திருப்பிப் போட்டார். அப்பா சாலையின் இரண்டு பக்கமும் டாக்சி தேடி ஓடினார். அந்த மழையில் எவன் நிறுத்துவான்? கடைசியில் திரும்பி வந்து, சரி, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அந்தப் பிற்பகலை நான் எப்படிச் சொல்வேன். வேலை நாளில், பட்டப்பகலில், நாங்கள் நாலு பேரும் எங்கள் வீட்டுக்குள் இருந்தோம். அம்மா கீழ்வீட்டு ஆன்டியின் போனிலிருந்து தொழிற்சாலைக்குப் பேசிவிட்டு வந்து சீருடையை மாற்றிக்கொண்டார். அப்பா தேநீர் கலக்கினார். மிச்சச் சோற்றை அம்மா வெங்காயம் போட்டுப் பிரட்டினார். தரையில் உட்கார்ந்து இரண்டாவது தடவையாக மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தம்பிதான் பாட்டுக் கேட்டான். அப்பா பாடினார். அவன் வழக்கம்போல் கண்ணைப் பொத்திக்கொண்டு கவிழ்ந்து செப்புலோ, அதுதான் பத்து, வரைக்கும் எண்ணினான். கண்ணைத் திறந்து பார்த்தால் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் வைத்த முட்டையைக்கூடத் தின்னாமல் அம்மாவையே பார்த்தான். இன்னொரு தடவை பாடச் சொன்னான். மறுபடியும் எண்ணினான், திறந்தான், அம்மா இருந்தார். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உருண்டு புரண்டு சிரித்தான். இருபது தடவையாவது பாடச் சொல்லியிருப்பான். பாட்டு எதற்கென்று அந்த மூன்று வயதுப் பொடியனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அம்மா எழுந்து, மழையில் காயாத துணியை மடிக்கிறேன் என்று அறைக்குள் போய்விட்டார். நானோ ராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எல்லாம் என் வேலை அல்லவா.

கன்ஃபர்ம் கடிதம் வரவில்லை. அம்மா வீட்டிலும் இருக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி, ஆள் பற்றாத ஞாயிற்றுக்கிழமை ஷிப்டையும் அவர் தலையில் கட்டினார்கள். அதையும் மாட்டேன் என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. ஒரு பிற்பகலைத் திருடப் போய், கையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பறிகொடுத்தேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாதா கோயில் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கோயில் வாசலில் ஆன்டிமார்கள் அம்மா எங்கே என்று கேட்பார்கள். அப்பா பதில் சொல்வார், நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அடுத்த வருடம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் என் முதல் பாவசங்கீர்த்தனம் வந்தது. மற்ற பிள்ளைகள் பொய் சொன்னேன், பென்சில் எடுத்தேன் என்று சுலபமாக முடித்துவிட்டு வந்தார்கள். நான் முழங்காலில் நின்று, ஃபாதர், நான் பாட்டுப் பாடவில்லை என்றேன். எந்தப் பாட்டு, கோயில் பாட்டா என்று கேட்டார். முட்டைப் பாட்டு என்றேன். பாடாமல் இருப்பது பாவம் இல்லையம்மா என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று மரியே வாழ்க ஜெபம் சொல்லச் சொன்னார். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு மூன்றுதானா என்று எனக்குச் சந்தேகம். முப்பது சொன்னேன். அதற்கும் மனம் ஆறவில்லை.

அம்மா ஒருவழியாக நிரந்தரமாகி, இருபது வருடம் அதே இடத்தில் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டார். நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பாலர் பள்ளி வாசலில் என் மகள் என் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். பிய்த்து எடுத்து ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து நானும் அழுதேன். அந்த ஞாயிறு அம்மாவும் அப்பாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அப்பா கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் போனில் குழந்தைப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அம்மா வெள்ளரிக்காய் நறுக்கினார், நான் முட்டை பொரித்தேன். இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று அப்படியே கொட்டிவிட்டேன். அன்றைக்கு வேண்டுமென்றேதான் பாடவில்லை, உங்கள் கடிதத்தைக் கெடுத்தவள் நான்தான் என்றேன்.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதாடி?" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அம்மா கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ பாடலன்னா நான் பாடியிருப்பேன்ல. பத்து எண்ண எத்தன நேரம் ஆகும்? அன்னைக்கு எனக்குப் போகப் புடிக்கல. உன்னச் சாக்கா வச்சிக்கிட்டேன்."