பீவருக்கு விருந்து வைத்த பிளாவி

கொக்கு ஏரிப் பக்கம் பிளாவியைப் போலத் தோல் பதப்படுத்த ஆள் கிடையாது. அவள் அம்மாவோடு பிறந்த மூன்று பெரியம்மாக்களும் கைகாரிகள்தான். ஆனாலும் பிளாவி உரித்த, ஏரியில் வாழும் பீவரின் தோலில் ஒரு கத்திக்கீறலை யாரும் பார்த்ததில்லை. இருபது வருஷமாகப் புருஷன் ஒனெசிம் காட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வருவான். இவள் வீட்டிலிருந்து உரிப்பாள், கொழுப்பைச் சுரண்டுவாள், பச்சைக் கொம்பை வட்டமாக வளைத்து அதில் தோலை இழுத்துக் கட்டிக் காயவைப்பாள். செத்த பீவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. உயிருள்ள பீவரைப் பற்றித் தெரிந்தது எதுவுமில்லை.

அந்தக் கோடையில் ஒனெசிம் நெஞ்சுவலியில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அவன் அப்பாவும் தாத்தாவும் கண்ணி வைத்து நடந்த வேட்டைத்தடம் ஆளில்லாமல் கிடந்தது. ஒரு குளிர்காலம் யாரும் நடக்காத தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது அந்த ஊர்க்கட்டு. முதல் பனி விழுந்ததும் வேட்டைக்காரர்கள் கூடினார்கள். கூட்டத்துக்குப் பெரியவர் ஹெர்மாஸ், "ஜெரெமி பேருக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். ஜெரெமி, ஒனெசிமின் தம்பி. பக்கத்துத் தடம் அவனுடையது.

பின்வரிசையிலிருந்து பிளாவி எழுந்தாள். "மாத்த வேண்டாம். நான் நடக்கிறேன்."

கூடமே சிரித்தது.

"மதினி, பீவரு வாசலுக்கு வந்து தோலைக் கழட்டி வெச்சிட்டுப் போகாது" என்றான் ஜெரெமி.

"வந்தாலும் உங்கிட்ட குடுக்காது. போன வருஷம் நீ உரிச்ச தோலுல மாவு சலிக்கலாம்னு உன் பொண்டாட்டியே சொன்னா."

இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மதினியும் கொழுந்தனும் கேலி பேசாவிட்டால்தான் அங்கே ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள்.

ஹெர்மாஸ் கையைத் தூக்கினார். "கிறிஸ்துமஸுக்குள்ள ஆறு தோலு. ஒரு பீவர் வீட்டுல ரெண்டுக்கு மேல தொடக்கூடாது. கொண்டாந்தா தடம் உன்னுது."

"கொண்டாந்தா, கிறிஸ்துமஸ் விருந்தன்னைக்கு மதினியோட ஏப்ரனைக் கட்டிக்கிட்டு எல்லாருக்கும் நான் டீ ஊத்தறேன்" என்றான் ஜெரெமி.

நவம்பரில் ஏரி உறைந்தது. பிளாவி இரண்டு நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டிப் புறப்பட்டாள். தடத்தில் மூன்று பீவர் வீடுகள், தண்ணீருக்குள் கிளையும் சேறும் குவித்துக் கட்டியவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பனிக்கட்டியை உடைத்துத் துளை போட்டாள். நீளமான கழியில் ஐந்து கம்பிச் சுருக்குகளை மாட்டி, நடுவே இரையாகப் பாப்லர் மரக்கிளைகளைக் கட்டி, அடிச்சேற்றில் ஊன்றினாள். கழிக்கும் நல்ல பச்சைப் பாப்லராகவே பார்த்து வெட்டினாள். தோல் கட்டும் வளையத்துக்குக் காய்ந்த கொம்பை எடுத்தால் உடைந்துவிடும். இருபது வருஷம் பச்சையையே தேடிப் பழகிய கை அது.

மூன்றாம் நாள் துளையைத் திறந்து கழியைத் தூக்கினாள். லேசாக வந்தது. கீழ்ப்பாதி இல்லை. இரை இல்லை, சுருக்கும் இல்லை. மூன்று துளையிலும் அதே கதி. மறுபடி பச்சைக் கழி வைத்தாள். மறுபடி தின்றுவிட்டுப் போயின. மூன்றாம் தடவையும் அப்படியே.

ஜெரெமி அந்த வழியாக வந்தான். கடித்த கழிகளைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இடத்தையாவது மாத்துங்க மதினி. இதுங்க உஷாராயிடுச்சு." என்ன தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் வாசலில் ஊரே விசாரித்தது.

"பிளாவி, பீவருங்க உப்பு கம்மின்னு சொல்லுதாமே?"

"இன்னைக்கு என்ன சமையல்? நாங்களும் வரலாமா?"

கிறிஸ்துமஸுக்குப் பதினோரு நாள் இருந்தது. பிளாவி தடத்தில் போட்டிருந்த கூடாரத்தில் அடுப்போரம் உட்கார்ந்து, கடித்துப் போட்ட கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்தடம் அவள் கட்டைவிரல் அகலம் இருந்தது. எத்தனை தலைகளைச் சுத்தம் செய்தவள்! இது குட்டியின் பல் இல்லை, கிழட்டுப் பீவரின் பல். பட்டையையும் விடாமல் சுற்றிச் சுற்றித் தின்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஒனெசிம் வண்டியில் காய்ந்த ஸ்ப்ரூஸ் கழிகளைக் கட்டிக்கொண்டு போவான். இத்தனை வருஷமும் அவள் அதை விறகு என்றே நினைத்திருந்தாள்! பீவர் தின்னாத மரம் அது. பச்சைப் பாப்லரில் கண்ணி வைப்பது, சோற்றால் வேலி கட்டின மாதிரி. அவள் போட்ட சிரிப்பில் வெளியே நாய்கள் குரைத்தன.

உடனே கோடரியை எடுத்துப் போய் காய்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டினாள். ஆனால் துளைகளை மாற்றவில்லை. மூன்று வாரமாக வயிறு நிறையத் தின்ற இடம் அது. அவை உஷாராகவில்லை, பழகிப்போயிருந்தன. இருக்கும் சுருக்கை எல்லாம் காய்ந்த கழியில் மாட்டி, இளம் பாப்லரை நடுவில் கட்டி, அதே துளைகளில் இறக்கினாள்.

இரண்டாம் நாள் முதல் கழி அசையவில்லை. பனியில் குப்புறப் படுத்து, முழங்கை வரை நனைய இழுத்தாள். கரிய முதுகு மேலே வந்தது. அகலப் பல் கிழவனேதான்! "வாங்க, வாங்க" என்று அவள் கத்தியது எதிர்க்கரையில் பட்டுத் திரும்பியது. அடுத்த ஆறு நாளில் இன்னும் மூன்று. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்க, மூன்றாம் வீட்டுக் கழியில் இரண்டு சேர்ந்து வந்தன. அங்கேயே கழியை உருவிப் போட்டாள், கணக்கு முடிந்தது. நாய் வாய்க்கு எட்டாமல், உயிர் கொடுத்த பீவருக்கு மரியாதையாக, ஒனெசிம் கட்டுகிற மாதிரியே, ஆறு மண்டையோடுகளையும் சிவப்பு நாடாவால் மரத்தில் கட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

விருந்துக் கூடத்தில் ஆறு வளையங்களைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஆறு முழுநிலா மாதிரி இருந்தன. ஹெர்மாஸ் மயிரை ஊதிப் பார்த்தார், பின்பக்கம் தடவிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. பெரிய தோலைச் சாண் போட்டு அளந்தார்; மூன்று சாண் போதவில்லை.

"தடம் பிளாவியோடது" என்றார். கூடம் மேஜையைத் தட்டிய தட்டில் கோப்பைகள் குதித்தன.

பூப்போட்ட ஏப்ரன் ஜெரெமியின் தொப்பையைச் சுற்றி முடிச்சுக்கு எட்டவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கெட்டிலோடு முதலில் மதினியிடம்தான் வந்தான்.

"சர்க்கரை எத்தனை?"

"மூணு. கலக்கியும் குடு."

கலக்கிக் கொடுத்தான். பிறகு காதருகே குனிந்து, "எந்த இடத்துல மதினி துளை போட்டீங்க?" என்றான்.

"நீ மாத்தச் சொன்னியே, அதே பழைய இடத்துலதான்."

அதற்குப் பிறகு இருபத்தாறு குளிர்காலம் பிளாவி அந்தத் தடத்தில் நடந்தாள்.