ரிசப்ஷன் திரையில் வந்த சாவுச் செய்தி

ஷெரீப் பாய் இறந்த செய்தி எனக்கு வந்தபோது, ஒரு மண்டபமே என்னோடு சேர்ந்து அதைப் படித்தது.

உத்திரமேரூரில் ஒரு ரிசப்ஷன். காலையில் கோயிலில் நடந்த கல்யாணத்தின் படங்களை, மாலையில் மேடைக்குப் பக்கத்து எல்.இ.டி. திரையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அது பாய் செய்கிற வேலை. அவர் சிறுநீரகக் கோளாறில் படுத்துவிட்டதால் லேப்டாப்பின் முன் நான் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டார் அனுப்பிய படங்களை இறக்குவதற்காகத் திறந்த வாட்ஸ்அப்பை மூட மறந்துவிட்டேன். லேப்டாப்பில் தீப்பெட்டி அளவில் வரும் செய்தி, அந்தத் திரையில் கதவு அளவு வந்தது. மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போடும் படத்தின் மேலேயே: ‘ஷெரீப் பாய் மௌத். நாளை லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.’ மேலே வெறும் எண்தான் இருந்தது; அது பாயின் மகனுடையது என்று எனக்குத் தெரியும்.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். “இன்னாய்யா இது? கல்யாணத்துல சாவு சேதி காட்டிக்கினு கீற!”

முன்வரிசையில் மாகறல் கோவிந்தசாமி எழுந்து நின்றார். பெண்ணின் தாய்மாமன். அவருடைய கல்யாணத்திலிருந்து பிள்ளைகளின் காதுகுத்து வரை படம் எடுத்தவர் பாய். அறுவடை முடிந்தால் பாய் வீட்டுக்கு அரிசி மூட்டையோடு வந்து இறங்குகிறவர் இவர்.

“நம்ம ஷெரீப் பாயா?”

மைக்கை எடுத்தேன். “இல்ல மாமா, அது வேற ஊர் ஆளு. நம்ம பாய் நல்லா கீறாரு.”

“வயித்துல பால வாத்தப்பா” என்று உட்கார்ந்தார். யாரோ கைகூடத் தட்டினார்கள். அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சாவுச் செய்தி காட்டிய திரை என்று பெயர் வந்துவிட்டால், அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? பாய் போய்விட்டார் என்று மனதில் ஏறுவதற்கு முன்பே இந்தக் கணக்கு ஓடிவிட்டது.

நாற்காலி, பந்தல் வாடகைக்கு விட்டு மேலே வந்தவன் நான். எல்.இ.டி. திரை வாங்கியதும் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாயிடம் போனேன். காலையில் எடுத்ததை மாலையிலேயே காட்டுவோம் என்றேன். சிரித்தார். “ஓனரு, வர்றவன் பொண்ணு மாப்ளயவா பாக்கப் போறான்? அவன் மூஞ்சி எப்ப வரும்னு பாத்துக்கினு இருப்பான்.” சொன்னபடியே செய்தார். மதியம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும்போது அவர் மாப்பிள்ளை அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, வந்திருந்த ஒவ்வொரு முகத்தையும் தேடிச் சேர்ப்பார். பந்தியில் இலை எடுத்த அம்மாக்கள் வரை வருவார்கள்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணனோடு வீட்டாருக்குச் சொத்துத் தகராறு. அவர் படத்தைத் தூக்கிவிடச் சொன்னார்கள். “அதுக்கின்னா, தூக்கிடலாம்” என்று நான் தலையாட்டினேன். பாய் மடங்கவில்லை. “காலைல வந்து அட்சத போட்டாரு இல்ல? வந்தவர வரலன்னு நான் எப்டி காட்றது? வேணும்னா வேற ஆள வெச்சிக்கோங்க.” அன்று மாலை அந்த அண்ணன் திரையில் வந்தார். வீட்டார் என்னோடு பேசவில்லை. பாயை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடக்கத்துக்குப் போனேன். பஜார் முழுக்க வந்திருந்தது. பாயின் மகன் என் பக்கத்தில் வந்து, “மாகறல்காரங்க யாரையும் காணோமே அங்கிள், சேதி போவலியா?” என்றான். தெரியவில்லை என்றேன். அது இரண்டாவது பொய்.

சில நாள் கழித்து கோவிந்தசாமி என் கடை வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டுல பாய் பேனரு பாத்தேன். யாரு வெச்சது, நீயா?”

“ஆமா மாமா.”

“பேனர் அடிக்கத் தெரிஞ்சிது. ஒரு போன் அடிக்கத் தெரியல.”

“கல்யாண வூடாச்சே மாமா…”

“மைக்குல சொன்னத வுடு, அது ரைட்டு. சாப்ட்டுக் கெளம்பறப்ப வாசல்ல நின்னு, போய்ட்டு வாங்க மாமான்னு கும்புட்டியே. அப்ப என் காதுல சொன்னா இன்னா? ஒரு பிடி மண்ணு போட வுடலியேப்பா நீ.”

அவர் காதில் சொல்லியிருந்தால், மைக்கில் சொன்னது பொய் என்று ஆகியிருக்கும். அந்தச் சின்ன மானக்கேட்டுக்குப் பயந்தேன். அடக்கம் செய்த இடத்துக்கு வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். “வோணாம். எனக்கு வழி தெரியும்” என்று நடந்தார். வெயிலில் அவர் மசூதிப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாயின் கேமராவும் படங்களும் அவர் மகனிடம் இருக்கின்றன, அவை அங்கேயே இருப்பதுதான் சரி. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த வெட்கம் ஒன்றைத்தான். அன்று மண்டபத்தில் இருந்து, என் வார்த்தையை நம்பி நிம்மதியாகச் சாப்பிட்டு வீடு திரும்பியவர்களுக்குச் சொல்கிறேன்: போனது நம்ம பாய்தான். மசூதிக்குப் பின்னால் கபரஸ்தான், வேப்பமரத்தை ஒட்டி. மண் இன்னும் புதுசாகவே இருக்கிறது.