பாக்கியராசாவின் இத்தாலி நாவல்

இத்தாலிக்குப் போன எங்கள் ஆட்களைப் பற்றி நாவல் எழுதிய பாக்கியராசா, கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை. பாண்டிருப்பு மெயின் ரோட்டில் வீடு, கூட்டுறவுக் கடையில் வேலை. கல்முனையில் அச்சகம் வைத்திருந்த மீராசாக் காக்கா இருநூறு பிரதி அச்சடித்துக் கொடுத்தார். பாதி விற்கவில்லை. ஆனாலும் எழுத்தாளர் என்ற மிதப்பு வந்துவிட்டது.

கதை அவருக்குக் கசெட்டில் வந்தது. இத்தாலியின் பலேர்மோவில் இருந்த குணம், மனைவி இராசாத்திக்குப் பேசிப் பதிந்து அனுப்புவான். அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. கடற்கரைத் தெருவிலிருந்து வந்து பாக்கியராசாவின் கசெட் பெட்டியில் போட்டுக் கேட்பாள். பதிலைப் பதிந்து, தபாலில் போடச் சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டுப் போவாள்.

நாவல் முடியும் தறுவாயில் ஒரு கசெட் வந்தது. கப்பல் கம்பனியில் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருந்த குணம், அவளுக்கு மட்டும் உண்மையைச் சொன்னான். படுக்கையில் கிடக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு மலசலம் அள்ளுவதுதான் அவன் வேலை.

பாக்கியராசா அதை அப்படியே எழுதினார். பெயரை மாற்றினார், தெருவை மாற்றவில்லை. கேட்ட மனைவி அருவருத்து முகத்தைத் திருப்பினாள் என்றும் எழுதினார். அந்த இடம்தான் உச்சம் என்று புகழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது சொல்லக் கூசுகிறது.

குழாயடியில் பெண்கள் இராசாத்தியை நையாண்டி பண்ணினார்கள். அவள் பிறகு பாக்கியராசாவின் வாசல் மிதிக்கவில்லை. யாரோ நாவலைக் குணத்திடம் சேர்த்துவிட்டார்கள். அந்த மார்கழியில் சுனாமிக் கடல் வந்து இராசாத்தியைக் கொண்டுபோனது.

விசா இல்லாத குணம், சண்டை முடிந்த வருடம்தான் ஊருக்கு வந்தான். பாக்கியராசாவைத் தேடி வந்தபோது நானும் அங்கிருந்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

“அண்ணன், அவள் உண்மையா முகத்தத் திருப்பினவளா?”

பாக்கியராசா நிலத்தைப் பார்த்தார். “இல்ல தம்பி. கிழவர நல்லாப் பாருங்க எண்டு சிரிச்சிச் சிரிச்சிப் பதில் பதிஞ்சவள்.”

“எனக்கு வரல்லியே.”

எழுதுவதற்கு வைத்திருந்ததாகவும், பிறகு அனுப்ப வெட்கமாகிவிட்டதாகவும் அவர் சொன்னார்.

“அந்தக் கசெட் எங்க?”

அது அவர் மேசையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. “அதுக்கு மேல என்ட வெளியீட்டு விழாப் பேச்சப் பதிஞ்சிட்டன்” என்றார்.

குணம் கோபப்படவே இல்லை. “பேச்சு முடிஞ்ச பிறகு அவள்ட குரல் கொஞ்சமாவது கிடக்குமா அண்ணன்?” என்று கேட்டான்.

“ரெண்டு பக்கமும் பேசியிருக்கன் தம்பி.”