காலியாக வந்த ஜாடி

அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வருகிறவர். ஒவ்வொரு நடைக்கும் அவரோடு இரண்டு ஊறுகாய் ஜாடிகள் கிளம்பும். ஒன்று அம்மா போட்டது, மற்றது அப்பாவின் தங்கை, என் அத்தை போட்டது. இரண்டிலும் அதே வெள்ளரிக்காய், அதே கேரட், ஊறவைப்பதும் அதே புளிப்பு வினாகிரியில்தான். திரும்பி வரும்போது அத்தையின் ஜாடி காலியாக வரும். அம்மாவுடையது முக்கால்வாசி அப்படியே வரும். உள்ளே வெள்ளரித் துண்டுகள் தண்ணீரில் கிடந்த சோப்பு மாதிரி கொழகொழவென்று இருக்கும்.

"கடல் காத்து பட்டுட்டு, வேறொண்ணுமில்ல" என்பார் அப்பா. அத்தையின் ஜாடியை மட்டும் அந்தக் காற்று ஏன் தொடவில்லை என்று அம்மா கேட்டதில்லை. அத்தைதான் சும்மா இருக்கமாட்டாள். "அதுக்குக் கைப்பக்குவம் வேணும் மதினி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நடைக்குக் காய் நறுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள்: "இந்த வாட்டியும் திரும்பி வந்துச்சுன்னா, இனி நான் ஊறுகாய்ப் பக்கமே போகமாட்டேன்." குரல் உடைந்திருந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஏளா, இதை நல்லா அலசி வையி, கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அலச வேண்டுமென்றால் தெருமுனை அடிபம்புக்குப் போகவேண்டும். அடிக்கச் சோம்பல். பின்வாசலில் கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்புக்காக ஒரு பானையில் சிப்பிச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. நீலமோ பசையோ இன்னும் கலக்கவில்லை. சுண்ணாம்பு அடியில் தங்கி, மேலே தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தது. அதை மொண்டு காய்மேல் ஊற்றிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், தண்ணீர்மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக் குடத்தில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் ஊற்றி, மூன்று நான்கு முறை அலசினேன். கோயிலிலிருந்து வந்து காயை வாங்கிக்கொண்ட அம்மா, காலிக் குடத்தைப் பார்த்து முதுகில் இரண்டு வைத்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றியதை மறைத்துவிட்டேன்.

தோணி போய்விட்டது. அதன்பிறகு நான் செபமாலையைக் கீழே வைக்கவில்லை. அப்பாவுக்கு வயிற்றுவலி வரக்கூடாது, தோணிக்காரர்கள் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது. என் பக்தியைப் பார்த்து, "இவ கன்னியாஸ்திரியாத்தான் போவா" என்று அம்மா பூரித்துப்போனாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா வந்தார், நல்ல சுகத்தோடு. அத்தையும் வந்திருந்தாள். பையிலிருந்து முதலில் அத்தையின் ஜாடி வந்தது. பாதி மிச்சம். அடுத்து அம்மாவுடையது. வினாகிரிகூட இல்லை.

"வெள்ளரிக்காய்க்கு அடிதடியே நடந்துட்டு" என்றார் அப்பா. "கடிச்சா தோணி பூரா சத்தம் கேக்கு. கடைசித் துண்டை நான் ஒளிச்சுவச்சுல்லா தின்னேன்!"

அதே காயில் அம்மா வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த ஊறுகாயிலிருந்து அத்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கடக். மூன்று வாரத்துக்கு மேல் ஊறிய வெள்ளரிக்காய் அது! அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கோயில் மணிகூட எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

"என்ன மதினி போட்டிய இதுல?"

"என்னத்தப் போட?" என்றாள் அம்மா, சேலையை உதறிச் செருகிக்கொண்டே. "எல்லாம் கைப்பக்குவந்தான்."

அன்று அம்மா நடந்த நடையே வேறு. எனக்கும் தலைகால் புரியவில்லை. ஊரையே ஏமாற்றி என் அம்மாவை ஜெயிக்க வைத்தவள் நான்!

அதன்பிறகு ஒவ்வொரு நடைக்கும் அம்மா காயை நறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தவறாமல் கோயிலுக்குப் போனாள். நானும் தவறாமல் என் சுண்ணாம்புத் தண்ணீர்த் திருட்டு வேலையைச் செய்தேன். அம்மாவின் ஜாடி ஒன்றுகூட மிச்சத்தோடு திரும்பவில்லை.

இரண்டு வருடத்தில் வீட்டுக்கு டிஸ்டம்பர் அடித்தோம். வெள்ளையடிப்பே நின்றுபோனது. ஆனாலும் பின்வாசல் பானையில் எப்போதும் புதுச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. அதை யார் வாங்கிவந்து போடுகிறார்கள் என்று கேட்க, அத்தனை கெட்டிக்காரியான எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.