குச்சிக்கட்டைப் பிரித்தவள்

என் அக்கா கணக்கு டீச்சர். அதே பள்ளியில் நான் ஓவியம் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்புக்கு அக்காதான் வேண்டும் என்று பெற்றோர்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். அப்படிப்பட்டவள் திடீரென்று தலைமையாசிரியரிடம் போய், ஆறாம் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இருந்த எடத்தை விட்டுட்டு எதுக்குக்கா இது? உன்னை ஓரங்கட்டிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

"பேசட்டும்டி. பத்தாவதுல முழிக்கிறவங்களைத் தோண்டிப் பாத்தா, ஆறாவதுலயே விட்டுப் போயிருக்கு. அங்கயே பிடிக்கணும்."

பாடம் நடத்தக் கிடைத்தது விளையாட்டுச் சாமான் அறை. மூலையில் காற்றுப்போன பந்துகள், அறை முழுக்க ரப்பர் வாடை. 'மக்கு ரூம்' என்று மற்ற பிள்ளைகள் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். வந்த ஐந்து பேரும் பையைக்கூட இறக்காமல் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எண் அட்டைகளைச் சுவரில் ஒட்ட நானும் போயிருந்தேன்.

அவர்களில் ஒருத்தி பஸ் டிரைவர் மகள். வாயே திறக்கமாட்டாள். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். அக்கா பக்கத்தில் வந்ததுமே அழிக்கப் போனாள். அக்கா கையால் மறைத்துக்கொண்டாள்.

"இரும்மா. இந்த முப்பத்தஞ்சு எப்படி வந்துச்சு?"

அவள் எண்களை விரலால் தொட்டுக் காட்டினாள். "ரெண்டுல ஏழு போகாதுல்ல டீச்சர். அதான் ஏழுல ரெண்டை எடுத்தேன்."

"அட! யோசிச்சுத்தான் போட்டிருக்க."

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தாள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவள் முன்னால் வைத்து, "இதுல இருபத்தேழு எனக்குக் குடு" என்றாள்.

இரண்டு கட்டுகளைக் கொடுத்துவிட்டு அவள் திணறினாள். அக்கா கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். எனக்குத்தான் சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது.

"டீச்சர், ஒரு கட்டைப் பிரிச்சுக்கலாமா?"

"உன் கட்டு. உன் இஷ்டம்."

பிரித்து, ஏழு எடுத்துக் கொடுத்து, மீதியை எண்ணினாள். இருபத்தைந்து. பக்கத்தில் இருந்த பையன் பையைத் தரையில் வைத்துவிட்டு, "எனக்கும் குச்சி குடுங்க டீச்சர்" என்றான்.

சில வாரம் கழித்து, அவர்களுடைய வழக்கமான வகுப்பில் நானூற்று மூன்றில் நூற்றெழுபத்தெட்டைக் கழிக்கச் சொன்னார்கள். நடுவில் பூஜ்யம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுமாற, டிரைவர் மகள் கையைத் தூக்கினாள். அந்த வகுப்பு டீச்சரே ஓய்வறைக்கு வந்து எங்களிடம் சொன்னார்: "பத்துக் கட்டு இல்லன்னா நூத்துக் கட்டைப் பிரிக்கணும்னு சொல்லி, போர்டுல இருநூத்து இருபத்தஞ்சுன்னு போட்டுட்டா. புரியாதவங்களுக்காக இன்னொரு தடவை அவளையே சொல்ல வெச்சேன்."

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு டிரைவர் சீருடையிலேயே வந்தார்.

"வீட்ல தம்பிக்குக் கணக்கு சொல்லித் தர்றா டீச்சர். என்னை மாதிரி கத்தாம, பொறுமையா."

"நல்லா சொல்லித் தருவா. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. அவருக்குப் பின்னால், தங்கள் பிள்ளையையும் அந்த அறைக்கு அனுப்பவேண்டும் என்று கேட்கப் பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஓடிப்போய் இன்னும் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டேன்.