குளிரறைக்கு வந்த பூனை

ஆய்வு மாதிரிகளைக் கெடாமல் காக்கும் உயிரியல் துறைக் குளிரறை, பதினான்கு ஆண்டுகளாக அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. மாணவர்கள் நேரில் "அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "சிசிடிவி". கதவைத் திறந்தால் நேரம், பொருள், எடை, கையொப்பம் நான்கும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றைக்குத் திறந்தவன் தொலைந்தான். இதற்கு முன் திரையரங்கு வாசலில் சீட்டுக் கிழித்தவர். பழைய சீட்டை நீட்டுபவனின் கண் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டிலும் இதே கதைதான். "ஃபிரிட்ஜத் தொறந்தேன், கையெழுத்துப் போடட்டுமாம்மா?" என்பாள் மகள்.

வேலை ஒப்பந்த வேலை. துறைத்தலைவர் ஆண்டுதோறும் கையொப்பமிட்டால்தான் நீட்டிப்பு. இவ்வாண்டுக் கோப்பு அவர் மேசைக்குப் போன அதே வாரத்தில்தான் தலைவருடைய கிழட்டுப் பூனை துரை காணாமல் போனது.

வியாழக்கிழமை காலை, வந்ததும் வராததுமாகத் தலைவர் அழைத்தார். மேசையில் நான்கு கடிதங்கள். இரண்டு, குளிரறை வாசலில் பூனை முடி உதிர்க்கிறது என்று அக்காவே எழுதிய புகார்கள். மற்ற இரண்டும் பெயரில்லாதவை. திங்களன்று வந்தது, "பொருள்: பூனையை ஒப்படைத்தல் தொடர்பாக" என்று தொடங்கி, நிலுவையிலுள்ள ஆய்வேடுகளில் ஐந்து நாளுக்குள் கையொப்பமிடக் கோரியது. இன்று வந்ததன் தலைப்பு "நினைவூட்டல் 1".

"அதக் கண்டா உங்களுக்குத்தான் ஆகாது. யாரோ பசங்களும் நீங்களும் கூட்டு," என்றார் தலைவர். "நாளைக்குள்ள துரை வரலன்னா உங்க ஃபைல் இப்படியே கிடக்கும்."

 படியிறங்கும்போது அக்கா எதிர்ப்பட்ட ஒவ்வொருவரின் கண்ணையும் பார்த்தார். லிஃப்ட்காரர் மீதும் சந்தேகம், தோட்டக்காரர் மீதும் சந்தேகம். குளிரறைக்கு வந்து, காலையில் பார்க்க விட்டுப்போன முந்தைய நாள் பதிவைப் புரட்டினார். பதிவேட்டை நம்பிக் கதவைப் பூட்டாமல் அவர் சாப்பிடப் போயிருந்த இருபது நிமிடத்தில் ஒரு வரி ஏறியிருந்தது: "மதியம் 1.10. மாதிரி, ஒன்று. 4.2 கிலோ." கீழே இரண்டு கையொப்பங்கள்.

கடைசித் தட்டில் ஒரு தெர்மக்கோல் பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டில்: "பூனை. ஆண். வயது 15 (தோராயம்). இறப்பு: புதன், காலை 7.10. காரணம்: முதுமை."

கையொப்பக்காரர்கள் இருவரும் தலைவரிடம் ஏழாம் ஆண்டாக ஆய்வு செய்பவர்கள். ஒருவன் நெட்டை, மற்றவன் கண்ணாடி. அக்கா அவர்களை வரவழைத்துப் பெட்டியைக் காட்டினார்.

"என்னடா இது?"

"மாதிரிக்கா," என்றான் நெட்டை.

"மாதிரிக்கு மீசை எதுக்கு?"

கண்ணாடி உடைந்து அழுதான். "சத்தியமா நாங்க ஒண்ணும் பண்ணலக்கா. மீன் வாங்கிப் போட்டோம், போர்வைகூடக் குடுத்தோம். காலைல பாத்தா கண்ணே தொறக்கல."

"செத்த பூனைக்கு எதுக்குடா நினைவூட்டல்?"

"திடீர்னு நிறுத்தினா சந்தேகம் வரும்னு இவன்தான்..." என்று நெட்டையைக் காட்டினான் கண்ணாடி.

"நானா? டைப் அடிச்சது நீ!"

"சரி, ஒளிச்சு வைக்க வந்தவனுங்க பதிவேட்டுல ஏண்டா எழுதினீங்க?"

நெட்டை பதிவேட்டைக் காட்டினான். "எழுதாமத் தொறந்தா நீங்க திட்டுவீங்களேக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"பின்பக்கமாக் கொண்டுபோய்ப் புதைச்சிடலாம்க்கா. யாருக்கும் தெரியாது," என்றான் நெட்டை. சொல்லும்போது அவன் கண் அக்காவின் இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. நாளை மாட்டிக்கொண்டால் அறை யாருடையது, சாவி யாருடையது என்று இவர்கள் கைகாட்டுவார்கள் என்பது அவருக்கு விளங்கியது.

"பெட்டிய நீ தூக்கு. நோட்ட நீ தூக்கு. எனக்கு முன்னால நடங்க."

தலைவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு சீட்டைப் படித்தார். "முதுமைன்னு எத வச்சு எழுதினீங்க? ஆதாரம் எங்க?" என்றார். பெட்டியின் மூடியை மெல்ல மூடினார்.  திங்களன்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் வரச்சொல்லி அவர்களை வெளியே அனுப்பினார்.

அக்கா நகரவில்லை. "சார், என் ஃபைல்."

அவர் நிமிர்ந்தே பார்க்காமல் கையொப்பமிட்டுத் தள்ளினார். வராந்தாவின் வெளிச்சத்துக்கு வந்த அக்கா, கைப்பையிலிருந்து சென்ற ஆண்டு நீட்டிப்பு ஆணையை எடுத்து, இரண்டு கையொப்பங்களும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்.