வயிறும் சன்னலோர சீட்டும்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. கடையில எவளாச்சும், "என்னக்கா, வயிறு முன்னாடி போகுது, நீங்க பின்னாடி வாரீங்க"ன்னு கிண்டல் பண்ணுனா சும்மா உட மாட்டேன். "உங்கூட்டுச் சோத்தத் தின்னா வளத்தேன்?"னு வெடுக்குனு கேட்டுப்போடுவேன். அப்படி வாய் பேசறவ, ராசிபுரத்துல இருந்து சேலம் போற பஸ்ஸுல ஒருநாள் வாயத் தொறக்காம உக்காந்துட்டேன். அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதைய எழுத வேண்டிய நெலமையே வந்திருக்காது.

சேலத்துல ஒரு ஜவுளிக்கடையில சேலைப் பிரிவுல இருக்கறேன். பன்னெண்டு வருசமா அங்கதான். காலையில ஒம்பதரைக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி கடை சாத்தற வரைக்கும் நிக்கோணும். சேலை எடுத்துப் போடறதுக்குன்னு எங்களுக்கு ஒரு வாகு உண்டு. அலமாரியில இருந்து இருவது சேலைய ஒட்டுக்கா எடுத்து, அந்தக் கட்டை வயித்து மேல சாய்ச்சுக்கிட்டு, முதுகைப் பின்னாடி வளைச்சு நடந்து வருவோம். கையி நோகாது, வயிறுதான் சுமக்கும். இப்படியே பன்னெண்டு வருசம் போனா என்ன ஆகும்? சேலையை எறக்கி வெச்ச பொறவும் ஒடம்பு அப்படியே நிக்கும். முதுகு உள்ள குழிஞ்சு, வயிறு முன்னாடி தள்ளி, கால் முட்டி விறைச்சுக்கிட்டு. எனக்கு அப்படித்தான் ஆயிப்போச்சு.

பொங்கல் முடிஞ்சு கடை தொறந்த நேரம். எட்டேகால் வண்டியில நிக்கக்கூட எடமில்லை. கம்பியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்கறேன், சன்னலோரம் உக்காந்திருந்த ஒரு அக்கா என்ற இடுப்பைத் தொட்டாங்க. அம்பது வயசு இருக்கும். நாமக்கல் பக்கம் இருந்து டெய்லி வாரவங்க, சேலத்துல ஒரு பிரஸ்ஸுல புஸ்தகம் பைண்டிங் பண்ற வேலைன்னு பொறவு தெரிஞ்சுது.

"வா சாமி, நீ உக்காரு. வயித்துப் புள்ளைக்காரி இந்த நெரிசல்ல நிக்கலாமா?"

எனக்கு மொகமெல்லாம் சூடாயிப்போச்சு. முப்பத்தொம்பது வயசு எனக்கு, ஊட்டுல ஒம்பதாவது படிக்கற புள்ள இருக்குது. "இல்லீங்க, இது சும்மா தொப்பை"ன்னு சொல்லோணும். சுத்தி இருந்த அத்தனை பேரும் என்ற வயித்தையே பாக்கறாங்க. சொன்னா அத்தனை பேரும் சிரிப்பாங்க. அதுக்குள்ள அந்தக்கா எந்திரிச்சாச்சு, என்ற கையைப் புடிச்சு உக்கார வெச்சாச்சு. கால் ரெண்டும், அய்யோ, அந்தச் சீட்டுல உக்காந்ததும் அப்படி ஒரு சொகம். "எத்தனை மாசம்?"னு கேட்டாங்க. "அஞ்சுங்க"ன்னு என்ற வாயில தானா வந்துருச்சு.

அன்னையில இருந்து டெய்லி எனக்கு எடம். எட்டேகால் வண்டி ராசிபுரம் ஸ்டாண்டுக்குள்ள வரும்போதே அந்தக்கா சன்னல் வழியாக் கையைக் காட்டுவாங்க. நான் ஏறுனதும் அவங்க எந்திரிச்சுக்குவாங்க. சேலம் வரைக்கும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "பால் குடிச்சயா, இரும்பு மாத்திரை போடறயா"ன்னு விசாரிப்பாங்க. நானும் தலையாட்டுவேன். நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் போன பொறவு சொல்ற மொகமே இல்லாம போச்சு.

அந்த மாசந்தான் முதுகு வலி பொறுக்க மாட்டாம ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லைன்னு டாக்டர் என்னைய ஒடற்பயிற்சி சொல்லிக்குடுக்கற பாப்பாகிட்டத் தாட்டி உட்டாரு. சின்னப் பொண்ணு. என்னையப் பக்கவாட்டுல நிக்க வெச்சுப் பாத்தா. பொறவு செவுத்துல முதுகைச் சாய்ச்சு நிக்கச் சொல்லி, இடுப்புக்கும் செவுத்துக்கும் நடுவுல கையை உட்டுப் பாத்தா. அவ கை முழுசா அந்தப் பக்கம் போயிட்டு வந்துச்சு.

"அக்கா, உங்க தொப்பையில பாதிதான் சதை. மீதி நீங்க நிக்கற மொறை"ன்னா. "வயித்துச் சதைக்கு நீங்க வேலையே குடுக்கறதில்லை. எலும்பு மேல சாஞ்சு நிக்கறீங்க. அது தொங்கிப் போச்சு."

கோவந்தான் வந்துச்சு எனக்கு. இத்தனை வருசம் நின்னு சம்பாதிச்சவளுக்கு நிக்கத் தெரியலையாம்! ஆனா அவ சொல்லிக்குடுத்ததுல தப்பில்லை. செவுத்துல தலை, முதுகு, புட்டம் மூணும் படற மாதிரி நிக்கோணும். முட்டியை விறைக்கக் கூடாது. மூச்சை உடும்போது தொப்புளை மெதுவா உள்ள இழுத்து, பத்து எண்ற வரைக்கும் வெச்சிருக்கோணும். உச்சந்தலையில நூலைக் கட்டி யாரோ மேல இழுக்கறாப்பல நெனைச்சுக்கோணும். சேலைக் கட்டைச் சின்னதா எடுத்து, நெஞ்சோட அணைச்சுத் தூக்கோணும். அவ்வளவுதான். ஊட்டுல கதவோரம், கடையில கண்ணாடி முன்னாடி, தண்ணி குடிக்கற எடத்துலன்னு நான் பாட்டுக்குச் செஞ்சேன். மொதல் வாரம் வயித்துச் சதை கொறக்களி புடிச்சாப்பல வலிச்சுது. மூணாவது வாரம் முதுகு வலி பாதி போச்சு. ஊட்டுக்காரரு, "என்னடி, திடீர்னு வளந்துட்ட"ன்னாரு. மனசுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்கே அசிங்கமா இருக்குது. நாள் பூரா நிமுந்து நிப்பேன். காலையில எட்டேகால் வண்டி வர்றதைப் பாத்ததும், முட்டியை விறைச்சு, முதுகைக் குழிச்சு, வயித்தை வெளிய தள்ளிக்குவேன். ஒரு கையை இடுப்புல வேற வெச்சுக்குவேன். சீட்டுக்காகத்தான். வேற எதுக்கு? அந்தப் பாப்பா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பா? சேலத்துல எறங்குனதும் மறுக்கா நிமுந்துக்குவேன். எனக்கே என்னையப் பாத்தா த்தூன்னு இருக்கும். ஆனா மறுநாளும் அதையேதான் செஞ்சேன்.

ரெண்டு மாசம் ஓடிருச்சு. அந்தக்கா கணக்குல எனக்கு ஏழாவது மாசம். ஒருநாள் என்னைய உக்கார வெச்சுட்டு, மடியில ஒரு நாலடுக்குக் கேரியரை வெச்சாங்க. சூடு ஆறாம இருந்துச்சு.

"என்னங்கக்கா இது?"

"கட்டுச்சோறு சாமி. உங்கூட்டுலயும் போடுவாங்க. இது நாங் கட்டுனது."

எங்க பக்கத்துல மாசமா இருக்கற புள்ளைக்கு ஏழாவது மாசமோ ஒம்பதாவது மாசமோ உறமொறையெல்லாம் கூடி, சோறு வகைவகையா ஆக்கிக் கொண்டாந்து போடற சீர் அது. பேரே கட்டுச்சோறு விருந்துதான். எலுமிச்சை, புளி, தேங்கா, தயிருன்னு நாலு அடுக்கு. ஒத்தப்படையில இருக்கோணும்னு தக்காளிச் சோத்தை மட்டும் வாழை எலையில தனியா மடிச்சு மேல வெச்சிருந்தாங்க.

அந்தக்கா என்ற காதுகிட்டக் குனிஞ்சாங்க. "எனக்கு ஒண்ணும் தங்கலை கண்ணு. எங்க சொந்தத்துல யாருக்குக் கட்டுச்சோறு போட்டாலும் ஆக்கறதுக்கு என்னையக் கூப்புடுவாங்க. குடுக்கும்போது அடுப்பாங்கரையோட நிறுத்திப்போடுவாங்க. என்ற கையால ஒரு புள்ளைத்தாச்சிக்குக் குடுக்கறது இதுதான் மொதத் தடவை. நீ வேண்டாம்னு சொல்லிராத."

அப்பவாச்சும் சொல்லியிருக்கோணும். நான் கேரியரை வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். "சரிங்கக்கா"ன்னேன். மத்தியானம் கடையில தக்காளிச் சோத்தையும் எலுமிச்சம்பழச் சோத்தையும் தின்னேன். மிச்சத்தை ஊட்டுக்குக் கொண்டு போனேன். என்ற புள்ள தின்னுட்டு, "யாரும்மா ஆக்குனது, சூப்பரா இருக்குது"ன்னா. "தெரிஞ்சவங்க"ன்னேன்.

மறுநாளையில இருந்து ஏழரை வண்டிக்கு மாறிட்டேன். முக்கா மணி நேரம் முந்தியே எந்திரிச்சுச் சமைக்கோணும், இருந்தாலும் பரவால்லைன்னு. கேரியரைக் கழுவிப் பரண் மேல போட்டேன். காலி ஏனத்தைத் திருப்பித் தரக் கூடாது, ஒரு கை சக்கரையாச்சும் போட்டுத்தான் தரோணும். என்னத்தைப் போட்டு, எந்த மொகத்தோட தர்றது? ஏழரை வண்டியில என்னைய யாருக்கும் தெரியாது. நல்லா நிமுந்து, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நின்னுட்டே போனேன். ஒரு மாசத்துல ரவிக்கையெல்லாம் லூசாச்சு, சேலை மடிப்பு நேரா உழுந்துச்சு. முதுகு வலி போயே போச்சு. கடையில ஆளாளுக்கு வந்து எப்படின்னு கேட்டாங்க. நானும் பெரிய இவளாட்டம் செவுத்துல நிக்கச் சொல்லிக் குடுத்தேன்.

அப்பறம் ஒருநாள் ஏழரை வண்டியில, கூட்டத்துக்கு நடுவுல, பின்னால இருந்து "சாமீ"ன்னு ஒரு கொரலு. திரும்புனேன். அந்தக்காதான். மல்லூர் தாண்டி வண்டி போயிட்டு இருக்குது. மொகத்துல சிரிப்போட ஆளுகளை வெலக்கிக்கிட்டு வந்தவங்க, என்ற வயித்தைப் பாத்தாங்க. நான் பழக்கதோசத்துல நேரா நின்னுக்கிட்டு இருந்தேன். தள்றதுக்கு வயிறே இல்லை.

சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. வாயை முந்தானையால பொத்திக்கிட்டாங்க. சேலம் வர்ற வரைக்கும் என்ற கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க.

ஸ்டாண்டுல எறங்கி, என்னைய ஒரு பெஞ்சுல உக்கார வெச்சாங்க. "எப்பச் சாமி போச்சு?"ன்னாங்க. "உன்னையக் காணமேன்னு ஒண்ணரை மாசமாத் தேடறேன். ஆசுபத்திரியில சேத்துட்டாங்களோன்னு நெனைச்சேன். இன்னைக்கு முந்தின வண்டியிலதான் பாக்கலாமேன்னு வந்தேன்." அப்பறம் மூக்கைச் சிந்திக்கிட்டு சொன்னாங்க. "என்ற தப்புக் கண்ணு. எங்கூட்டுல சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க, இவ கண்ணு பட்டா வெளங்காதுன்னு. ஆசைக்கு ஒரு வாட்டி குடுத்தேன். கட்டுச்சோறு குடுத்த மறுநாளையில இருந்து உன்னையக் காணோம். அப்பவே எனக்குச் சந்தேகந்தான். உம்புள்ளைய நாந்தான் முழுங்கிட்டேன்."

அய்யோ, அந்த எடத்துலயே பூமி பொளந்து என்னைய உள்ள இழுத்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு. ஒண்ணரை மாசம்! நான் ரவிக்கை லூசாச்சுன்னு குதிச்சுக்கிட்டு இருந்த ஒண்ணரை மாசமும், இந்தப் பொம்பளை ஒரு உசுரைக் கொன்னுட்டம்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்குது. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ற மானம் தப்பிச்சுரும். சத்தியமாச் சொல்றேன், அந்த நெனைப்பும் ஒரு நிமிசம் வந்துச்சு.

"அக்கா, புள்ளையே உண்டாகலைங்க."

"என்ன சாமி சொல்ற?"

"வயித்துல ஒண்ணுமே இல்லீங்கக்கா. அது சும்மா தொப்பை. நான் நிக்கற மொறை சரியில்லாம தள்ளிக்கிட்டு இருந்துச்சு. நீங்க எடம் குடுத்தப்பச் சொல்லாம உக்காந்துட்டனுங்க. பொறவு சீட்டுக்காகவே தள்ளிக்கிட்டு வந்தனுங்க. இப்ப நேரா நிக்கப் பழகிட்டேன், உள்ள போயிருச்சு."

அந்தக்கா என்ற மொகத்தையும் வயித்தையும் மாறி மாறிப் பாத்தாங்க. "அப்ப ஒண்ணும் போகலை?"

"போகலீங்க."

"நெசமா?"

"எம்புள்ள மேல ஆணைங்க."

கண்ணை மூடிக்கிட்டு, "அப்பாடா. நான் ஒண்ணும் பண்ணலை"ன்னாங்க. ரெண்டு மூணு தடவை அதையே சொன்னாங்க. என்னையக் கன்னத்துல ஒரு அறை உட்டிருந்தாலும் தேவலைன்னு இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்து, சாதாரணமா ஊட்டுல பேசறாப்பல கேட்டாங்க, "அந்தச் சோத்தை என்ன பண்ணுன?"

"தின்னுட்டனுங்க. எம்புள்ளையும் தின்னுச்சு."

"உப்புப் பத்துச்சா?"

"பத்துச்சுங்க."

தலையாட்டிக்கிட்டாங்க. எந்திரிச்சு முந்தானையை ஒதறிச் செருவுனாங்க. "நாளைக்கு எட்டேகால் வண்டியில ஏனத்தைக் கொண்டா"ன்னு சொல்லிட்டுப் பிரஸ்ஸுக்கு நடந்துட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் லீவு போட்டு ஊட்டுக்கு வந்து, அரிசி ஊற வெச்சு ஆட்டி, வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். நாலு அடுக்கும் நெறைய அடுக்குனேன். அப்படியாச்சும் மனசு கொஞ்சம் ஆறுமான்னு. காலையில எட்டேகால் வண்டியில அந்தக்கா அதே சன்னலோரந்தான் உக்காந்திருந்தாங்க. கேரியரை நீட்டுனேன். கனத்தை வெச்சே காலியில்லைன்னு கண்டுபுடிச்சுட்டாங்க.

தொறந்து பாத்தாங்க. "நல்லாச் செவந்திருக்குது"ன்னாங்க. அப்பறம் என்ற கட்டைப் பையை வாங்கி, என்ற மத்தியானச் சோத்து டப்பா மேல பேப்பரை விரிச்சு, ஒவ்வொரு கச்சாயமா எடுத்து அதுல அடுக்குனாங்க. ஒண்ணுகூட ஒடையலை. கோவமாவும் செய்யலை, அவசரமாவும் செய்யலை.

"அக்கா, காலியா வாங்கக் கூடாதுங்க"ன்னேன். எனக்கு அழுகை வந்துருச்சு.

"இது உம்புள்ளைக்குச் சாமி. எனக்கு ஏனம் போதும்."

எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையில தொடைச்சாங்க. நாலு அடுக்கையும் காலியாவே ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் கொக்கியை மாட்டி, மடியில வெச்சுக்கிட்டுச் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தாங்க. எந்திரிக்கலை. நான் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, அந்தப் பாப்பா சொல்லிக்குடுத்தாப்பலயே வயித்தை உள்ள இழுத்து, சேலம் வரைக்கும் அவங்க பக்கத்துல நின்னுட்டே போனேன்.